துப்பறியும் நிருபர்

(தென்காசி வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசி பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமிராது. 1980களில் அந்தக் கூட்டத்தை நம்பிக் கடைகளில் துப்பறியும் நாவல்கள் வரிசையாகத் தொங்கின. அருவிக்கு வந்த விருந்தாளி மட்டுமா வாங்கினான்? மில் தொழிலாளியும் வாங்கினான். ஒரு பிரதி பத்துக் கை மாறியது.

அதைப் படிப்பது குற்றமென்று உபதேசம் செய்ய நாம் இங்கு வரவில்லை. நாளெல்லாம் நூலோடும் சேற்றோடும் மாரடித்தவனுக்கு ஒரு கதை வேண்டும். அதிலும் மறைத்து வைத்த உண்மை வெளியே வரும் கதை என்றால் நமக்குப் பிடிக்கத்தான் செய்யும். நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: கதையில் துப்பறிகிறவன் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்?

தமிழின் முதல் துப்பறியும் நாவல் எனப்படும் நடேச சாஸ்திரியின் 'தானவன்' 1894ல் வந்தது. அதில் துப்பறிகிறவன் போலீஸ்காரன். பிறகு வந்த தேவனின் சாம்பு, பாங்கு குமாஸ்தா. தமிழ்வாணனின் சங்கர்லால், பேர்பெற்ற துப்பறிவாளர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். வேடிக்கையைப் பாருங்கள்! தேவன் 'ஆனந்த விகட'னில் பணியாற்றியவர். தமிழ்வாணன் 'கல்கண்டு' ஆசிரியர். இருவருமே பத்திரிகைக்காரர்கள். ஆனாலும் தங்கள் பேர்பெற்ற கதாநாயகனைப் பத்திரிகைக்காரனாக அவர்கள் படைக்கவில்லை.

போலீஸ்காரன் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். வக்கீல் கட்சிக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். நிருபரோ, நேர்மையாக இருந்தால், ஊர் ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அவன் துப்பறியும் கதையில் வேறு கேள்வியும் பிறக்கிறது. கொன்றது யார் என்பதோடு, மூடி மறைத்தது யார், அதனால் லாபமடைந்தது யார் என்றும் கேட்கிறான்.

பிரெஞ்சு எழுத்தாளர் காஸ்தோன் லெரூ, கோர்ட் நிருபராக வேலை பார்த்தவர். 1907ல் அவர் எழுதிய 'மஞ்சள் அறையின் மர்மம்' நாவலில் ரூல்தாபீ என்ற பதினெட்டு வயது நிருபர் வருகிறான். உள்ளே தாழிட்ட அறையில் ஒரு பெண் தாக்கப்பட்டுக் கிடக்கிறாள். தாக்கியவனைக் காணோம். பேர்பெற்ற போலீஸ் துப்பறிவாளர் வந்து ஒரு நிரபராதியைக் கை காட்டுகிறார். கடைசியில் கோர்ட்டில் அந்த வாலிபன் அம்பலப்படுத்துவது யாரை? சாட்சாத் அந்தத் துப்பறிவாளரைத்தான்!

நூறு வருஷம் கழித்து ஸ்வீடனில் ஸ்டீக் லார்சன் எழுதினார். இனவெறிக் கும்பல்களை அம்பலப்படுத்திய 'எக்ஸ்போ' பத்திரிகையைச் சேர்ந்தவர். 2004ல் அவர் காலமான பிறகு, 2005ல் முதல் நாவல் வெளிவந்தது. அதன் நாயகனான நிருபர், ஒரு பெரும் முதலாளியைப் பற்றி எழுதியதற்காக அவதூறு வழக்கில் சிறைத்தண்டனை பெற்றவன். காணாமற்போன ஒரு பெண்ணைத் தேடும்படி ஓர் ஆலை அதிபர் குடும்பம் அவனை அமர்த்துகிறது. அந்தக் குடும்பத்திலேயே கொலைகாரன் இருப்பதைக் கண்டுபிடிக்கிறான். ஆனால் அதை எழுதினானா? இல்லை. குடும்பமும் கம்பெனியும் கெட்டுப்போகும் என்ற பேச்சுக்கு இணங்கி வாயை மூடிக்கொள்கிறான். உப்பிட்டவர் வீட்டில் துப்பறியப் போனால் இதுதான் கதி.

ஆகவே நிருபர் என்றாலே உத்தமர் என்று நாம் மயங்க வேண்டாம். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்ற 'இந்துநேசன்' லட்சுமிகாந்தனும் பத்திரிகைக்காரர்தான். 1944 நவம்பரில் சென்னையில் குத்தப்பட்டு இறந்தார். பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்று, 1947ல் விடுதலையானார்கள். கொன்றது யார் என்பது தீரவே இல்லை. அடுத்தவர் படுக்கையறையை எட்டிப் பார்ப்பது வேறு. அதிகாரத்தின் அலமாரியைத் திறப்பது வேறு.

அலமாரியைத் திறந்த ஒருவரைச் சொல்கிறோம். அர்ஜென்டினாவின் ரொடோல்ஃபோ வால்ஷ் துப்பறியும் கதைகள் எழுதிவந்தவர். 1953ல் வந்த அவர் கதைகளில் துப்பறிகிறவன் அச்சுப் பிழை திருத்துகிறவன்! 1956 டிசம்பரில் அவர் காதில் ஒரு செய்தி விழுந்தது: சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் உயிரோடிருக்கிறார்.

அவ்வாண்டு ஜூன் 9ந் தேதி இரவு, கலகக்காரர்கள் என்று பன்னிரண்டு பேரைப் பிடித்துக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். ஐவர் இறந்தனர். ஏழு பேர் தப்பினர். ராணுவச் சட்டப்படி செய்ததாகச் சர்க்கார் சொல்லிற்று. வால்ஷ் தப்பியவர்களைத் தேடிப் பிடித்தார். சர்க்கார் ரேடியோவின் பதிவேட்டைப் புரட்டினார். ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது நள்ளிரவு 12.32க்கு. அவர்களைப் பிடித்ததோ 12 மணிக்கு முன்பே! இந்த இரண்டு நேரங்கள்தான் சர்க்காரின் பொய்யை உடைத்தன. பெரிய பத்திரிகைகள் தொட மறுத்ததால் சிறு பத்திரிகைகளில் எழுதினார். 1957ல் புத்தகமாயிற்று.

நாவலில் நிருபர் கடைசிப் பக்கம்வரை பிழைத்திருப்பான். வால்ஷ் 1977 மார்ச் 24ல் ராணுவ ஆட்சிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மறுநாள் சுட்டு வீழ்த்தப்பட்டார். உடல்கூடக் கிடைக்கவில்லை. நம் நாட்டில் 2017 செப்டம்பர் 5ல் பத்திரிகை ஆசிரியை கௌரி லங்கேஷ் பெங்களூரில் தம் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டார்.

தோழர்களே! வால்ஷ் தனியாக வென்றாரா? தப்பிய தொழிலாளிகள் வாய் திறந்திராவிட்டால் புத்தகமே இல்லை. நம் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூன் 20ல், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று புகுந்த அதிகாரிகள் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்படியொன்றும் நடக்கவில்லை என்றார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்தார் விசாரித்து வெளிக்கொண்டுவந்தனர். அந்தப் பெண்கள் பத்தொன்பது வருஷம் அஞ்சாமல் நின்றார்கள். 2011 செப்டம்பர் 29ல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. 2023ல் ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. இந்தக் கதையில் துப்பறியும் நாயகன் யார்? சாட்சி சொன்ன தாய்மார்களே!

நாவலாசிரியர் தம் நிருபரைத் தென்காசியில் இறக்கினால் நேரே குற்றாலத்து பங்களாவுக்கு அனுப்புவார். நாம் அவனைப் பீடிக் கடை வாசலுக்கும் கல் லாரி போகும் சாலைக்கும் அழைத்து வருவோம். எத்தனை பீடி கொடுத்தோம், எத்தனையைக் கழித்தார்கள்? எத்தனை லாரி போயிற்று, எத்தனைக்குச் சீட்டு இருந்தது? என்ன தேதி, என்ன மணி, யார் பார்த்தது? ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 12.32 என்ற நேரம் ஒரு பதிவேட்டில் இருந்ததால்தான் அந்தக் குப்பைமேட்டு உண்மை வெளியே வந்தது.