ஊரைக் கேட்டு ஒரு திட்டம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கல்லூரியின் ஐந்தாண்டுத் திட்டமும் சமுதாயத்தின் கருத்தும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைப் படித்ததுமே பின்வரிசையில் இரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தது எனக்குத் தெரியும். சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வருது, அதுவும் தெரியும். ஆகவே சுருக்கமாகப் பேசுகிறேன். ஆனால் ஒரு விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளி விழா நிதியை நுழைவாயில் வளைவுக்குச் செலவிடுவதா, வேறு எதற்காவது செலவிடுவதா என்று இந்தச் சங்கம் இன்று மாலை முடிவெடுக்க இருக்கிறது. என் தலைப்பும் அந்த முடிவும் ஒன்றுதான்.

நாம் படித்தது எப்படிப்பட்ட கல்லூரி என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 1901ஆம் ஆண்டு அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியோடு ஒட்டி, ஆறே ஆறு மாணவர்களோடு ஒரு கல்லூரி தொடங்கியது. ஊரை விட்டுப் போய்ப் படிக்க முடியாத பிள்ளைகளுக்கு ஊரிலேயே கல்லூரிப் பாடம் என்பதுதான் அதன் நோக்கம். 1947இல் ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் அறிக்கை, இப்படிப்பட்ட கல்லூரிகளுக்குச் சமுதாயக் கல்லூரி என்ற பெயரைப் பரவலாக்கியது. நம் நாட்டில் 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் முதல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் தொடங்கியது. 1999இல் சேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் அவர்கள் இந்தக் கல்லூரிகளுக்கென்றே சென்னையில் ஓர் ஆய்வு மையம் அமைத்தார். அதன் பிறகு தமிழ்நாட்டில் சிற்றூர்களிலும் இவை முளைத்தன. 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 12ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்குத் தனித் திட்டங்கள் வகுத்தன.

இந்த வரலாற்றை எதற்குச் சொல்கிறேன்? மற்றக் கல்லூரிகளில் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து இறங்கி வரும். சமுதாயக் கல்லூரியில் பாடம் தெருவிலிருந்து ஏறி வர வேண்டும். இந்தப் பக்கத்தில் என்ன வேலை இருக்கிறது, யாருக்குப் படிப்பு எட்டவில்லை என்று சுற்றுவட்டாரத்தை விசாரித்த பிறகுதான் என்ன படிப்பு வைப்பது என்றே முடிவு செய்வார்கள். ஹெல்த் அசிஸ்டெண்ட், ஏசி மெக்கானிக், தையல், டிடிபி என்று நம்மிடம் இருந்த படிப்புகள் எல்லாம் அப்படி வந்தவைதான். டிடிபிக்கு ஆள் வராமல் போனபோது அதை நிறுத்தியதும் அதே கணக்குத்தான். ஊரைக் கேட்பது என்பது நமக்கு அலங்காரம் இல்லை. அஸ்திவாரம்.

இப்போது எல்லா இடத்திலும் "ஸ்டிராட்டஜிக் பிளான்" என்று பேசுகிறார்கள். ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் தனக்கென வளர்ச்சித் திட்டம் எழுத வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. மேலாண்மைப் புத்தகங்களில் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கட்டம் போட்டுக் காட்டுவார்கள். வள்ளுவர் தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரம் வைத்து, அதற்கடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வரிசையாக மூன்று வைத்தார். என்ன செய்யப் போகிறோம், நம்மால் எவ்வளவு முடியும், எப்போது முடியும், எங்கே முடியும் என்பதுதானே திட்டம்! நாலு கட்டம் நமக்குப் புதுசு இல்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். "தலைசிறந்த நிறுவனமாகத் திகழ்வோம்" என்று எழுதினால் அது திட்டம் ஆகாது. அது வாழ்த்து மடல். இன்ன வேலையை, இன்னார், இந்தத் தேதிக்குள், இந்தப் பணத்தில் செய்வார்கள், முடிந்ததா என்று இப்படிப் பார்ப்போம் என்று எழுதினால்தான் திட்டம். இன்னொன்றும் அதில் இருக்க வேண்டும். எதைச் செய்ய மாட்டோம் என்பது. கையில் இருப்பது கொஞ்சப் பணம், கொஞ்ச ஆசிரியர்கள். எல்லாவற்றையும் செய்வோம் என்று எழுதுகிற சின்னக் கல்லூரி எதையுமே செய்து முடிக்காது.

சரி, கருத்துக் கேட்பதற்கு வருவோம். படிப்பு முடிகிற அன்று ஒரு படிவம் கொடுப்பார்களே, ஞாபகம் இருக்கா? மிக நன்று, நன்று, சுமார், மோசம். நாம எல்லாரும் என்ன பண்ணினோம்? மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒரே கோடாக "மிக நன்று" என்று டிக் அடித்துவிட்டுக் குரூப் போட்டோவுக்கு ஓடினோம். படிவத்தை வாங்குகிறவரே மார்க் போடுகிறவர் என்றால் எந்தப் பிள்ளை "மோசம்" என்று எழுதும்? இன்று அதே படிவம் செல்போனில் வருகிறது. டிக் அடிக்கிற விரல் மட்டும் மாறியிருக்கிறது.

2017இல் தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவான நாக் தன் கையேட்டைத் திருத்தியமைத்தபோது, மாணவர், ஆசிரியர், வேலை கொடுப்பவர், முன்னாள் மாணவர் என்று பல தரப்பிலும் கருத்துக் கேட்டீர்களா என்பதோடு, கேட்டதன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்றும் கேட்டது. நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பட்டியலில் அகப்படாத ஒருவர் உண்டு. சேர்ந்து பாதியில் நின்றவர். அவர் மாணவரும் இல்லை, முன்னாள் மாணவர் சங்கத்திலும் இல்லை. இந்த மண்டபத்தில் அவருக்கு நாற்காலி போடவில்லை. கல்லூரியில் எது சரியில்லை என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஐந்தாண்டுத் திட்டக் குழுவில் உங்கள் பிரதிநிதியாக என்னைப் போட்டிருந்தார்கள். 2024 கோடை விடுமுறையில் பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, நின்றுபோனவர்களின் பெயர்களைக் குறித்தோம். இரண்டிரண்டு பேராக வீடு வீடாகப் போனோம். ஞாயிற்றுக்கிழமை போனோம், ஏனென்றால் மற்ற நாளில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். பாடம் எடுத்த ஆசிரியரை அவர் மாணவர் வீட்டுக்கு அனுப்பவில்லை. "கல்லூரி எப்படி இருந்தது?" என்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "கடைசியா என்னிக்கு வந்தே? மறுநாள் என்ன ஆச்சு?" என்று கேட்டோம். நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும். அபிப்பிராயத்தைக் கேட்டால் மரியாதைதான் வரும்.

ஃபீஸ் கட்ட முடியாமல்தான் நிற்கிறார்கள் என்பது ஊரில் பொதுவான எண்ணம். வீட்டுத் திண்ணையில் கேட்டது வேறு. ஒரு பெண் சொன்னாள்: "ஃபீஸ் முழுசா கட்டியாச்சுக்கா. கிளாஸும் முடிச்சாச்சு. டிரெய்னிங்குக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க. காலையில ஏழு மணிக்கு டியூட்டி. எங்க ஊருக்கு முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். அதுவரைக்கும் சாயங்காலம் கடையில வேலை பார்த்து வீட்டுக்குக் கொடுத்துக்கிட்டிருந்தேன். டிரெய்னிங்ல அதுவும் போச்சு." 2021இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்தது பெரிய உதவிதான். ஆனால் பஸ் இலவசமாக இருந்தால் போதுமா, நேரத்துக்கு வர வேண்டாமா?

வேறு வேறு வீடுகளில், வேறு வேறு வார்த்தைகளில் இதே செய்திதான் வந்தது. வகுப்பில் நிற்கவில்லை, பயிற்சிக் காலத்தில் நின்றிருக்கிறார்கள். நம் படிப்புக்கு உயிரே அந்தக் களப்பயிற்சிதான். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், அப்புறம் களப்பயிற்சி. மூன்றும் முடித்தால்தான் சான்றிதழ். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்காக வைத்த பயிற்சியே, யாருக்காக இந்தக் கல்லூரி தொடங்கியதோ அவர்களை வாசலில் நிறுத்திவிடுகிறது. மாதக்கணக்கில் படித்துவிட்டு ஒரு காகிதம்கூட இல்லாமல் போகிறார்கள் என்றால் அது சின்ன விஷயமா?

ஊர் சொல்வதையெல்லாம் அப்படியே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கருத்து என்பது கட்டளை இல்லை. தையல் படித்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிற ஒரு முதலாளி, "இந்த வாழ்க்கைத் திறன், இங்கிலீஷ் எல்லாம் எதுக்குங்க? மெஷின்ல உட்காரத் தெரிஞ்சாப் போதும், ஆறே வாரத்தில அனுப்புங்க" என்றார். அவர் கணக்கு அவருக்கு நியாயம். ஆனால் நம் பிள்ளை ஒரே மெஷினில் ஆயுசு முழுக்க உட்காரப் போவதில்லை. ஓவர்டைம் கூலி குறைந்தால் கேட்கத் தெரிய வேண்டும், வேறு வேலைக்கு மனு எழுதத் தெரிய வேண்டும். குழு அதை ஏற்கவில்லை. ஏற்காத காரணத்தை அவரிடமே நேரில் போய்ச் சொன்னோம். அவர் இன்றும் நம் பிள்ளைகளை எடுக்கிறார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் ஜனங்களுக்குக் கோபம். முடியாது என்றால் ஏன் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே வரைவுத் திட்டத்தில் களப்பயிற்சியை முதலில் வைத்திருக்கிறோம். பக்கத்து ஊர் மருத்துவமனைகளிலும் பட்டறைகளிலும் இடம் தேடுவது, பயிற்சியை இரண்டு பகுதியாகப் பிரிப்பது, பயிற்சிக் காலத்தில் தேவைப்படுகிறவர்களுக்கு உதவித்தொகை கொடுப்பது. ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்தவர் எத்தனை, பயிற்சிக்குப் போனவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, அடுத்த ஆண்டு வேலையில் இருப்பவர் எத்தனை என்று நாலு எண்ணை வாசல் பலகையில் எழுதுவது. அதன் கீழேயே, ஊர் கேட்டது என்ன, செய்தது என்ன, செய்யாதது ஏன் என்பதும் இருக்கும்.

இனி வளைவுக்கு வருகிறேன். வளைவு கேட்கிற நண்பர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் நம் கல்லூரி பெயரைச் சொன்னால் "எந்த ஸ்கூல்?" என்று கேட்கிறார். அந்த வலி எனக்கும் உண்டு. அதற்கு ஒரு நல்ல பெயர்ப் பலகை போதும். திண்ணை திண்ணையாக நாங்கள் கேட்ட பதில்களில் பஸ் வந்தது, டியூட்டி நேரம் வந்தது, தம்பியின் படிப்புச் செலவு வந்தது. வளைவு வரவில்லை. வெள்ளி விழா நிதியைப் பயிற்சி உதவித்தொகைக்கு வைப்போம் என்பது என் வேண்டுகோள். முடிவு உங்கள் கையில். என்ன முடிவானாலும் காரணத்தோடு பலகையில் எழுதுங்கள்.

பணத்துக்கு மேலே ஒன்றும் கேட்கிறேன். இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள், சொந்தமாக ஏசி சர்வீஸ் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், தையல் யூனிட் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு பயிற்சி இடம் கொடுங்கள். உங்கள் தெருவில் பாதியில் நின்றவர் யாராவது இருந்தால் விலாசம் கொடுங்கள். அவரையும் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுவோம்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. படிவம் வந்தால் ஒரே கோடாக டிக் அடிக்காதீர்கள். உங்கள் பக்கத்து பெஞ்சு இரண்டு நாள் காலியாக இருந்தால், அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள். ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அதைவிட நல்ல கருத்துக் கணிப்பு எனக்குத் தெரியவில்லை.