எதை எழுதுவது என்று கேட்கிறவர்களுக்கு

(நமது சங்கத்தின் மாதர் பிரிவும் இளைஞர்களும் சேர்ந்து தோட்ட வாசிகசாலையில் நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



காலையிலிருந்து மழை. பாதிப் பேர்தான் வருவீர்கள் என்று நினைத்தேன். கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போன அக்காமார் சிலர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்றுகொண்டு கதை கவிதை என்று பேச எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேசச் சொன்னதே அவர்கள்தான்.

போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "டீச்சர், எழுத ஆசையா இருக்கு, ஆனா எதப் பத்தி எழுதுறது? நம்ம தோட்டத்துல என்னா நடக்குது? பிரட்டு, மலை, மடுவம், வீடு. தினமும் அதே கததானே?" அன்றைக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். முதலில் நான் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

தரம் 9 பிள்ளைகளுக்கு 'எங்கள் வீடு' என்று கட்டுரை கொடுத்தேன். ஒரு பிள்ளை அழகாக எழுதியிருந்தாள். மாடி வீடு. முற்றத்தில் மாமரம். தாத்தா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை வாசிப்பார், அப்பா காரியாலயம் போவார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. இருபதுக்குப் பதினேழு போட்டுக் கொடுத்துவிட்டேன். அன்று மாலை பாடசாலை விட்டு வரும்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளையின் வீடு எனக்குத் தெரியும். லயத்தின் கடைசிக் காம்பரா. அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார், வருசத்தில் இரண்டு தடவை வருவார். மாமரமாம்! நம்முடைய குளிரில் மாமரம் எங்கே காய்க்கிறது?

மறுநாள் கேட்டேன். "நம்ம வூட்ட எழுதுனா அது கட்டுரையா இருக்காதே டீச்சர்" என்றாள். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டதே நான்தான். லயத்தில் பிறந்து வளர்ந்த நான், லயம் கட்டுரைக்கு ஆகாது என்று ஒரு வார்த்தையும் சொல்லாமலே கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

திரும்ப எழுதச் சொன்னேன். இந்தத் தடவை இஸ்தோப்பைப் பற்றி எழுதினாள். இஸ்தோப்பில் பாதியைப் பலகையால் அடைத்து அப்பாயிக்குப் படுக்கை போட்டிருப்பதை எழுதினாள். மழை பிடித்தால் தகரத்துச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, அதனால் பெரிய மழை நாளில் எங்கள் வீட்டில் யாரும் சண்டை போடுவதில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அதை வகுப்பில் வாசித்தபோது எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுத் தகரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். எந்த இடத்தில் ஒழுகும், எந்தச் சட்டியை எங்கே வைப்பார்கள், காற்றில் தகரம் தூக்காமல் மேலே என்ன கல் வைத்திருக்கிறார்கள். மணி அடித்தும் நிறுத்தவில்லை. மாடி வீட்டைப் பற்றி அவள் எழுதியபோது ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை.

தம்பி கேட்டதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நம்முடைய வாழ்க்கையை நாம் எழுதாவிட்டால் எழுதாமலே போய்விடும் என்று நினைக்க வேண்டாம். வேறு யாராவது எழுதுவார்கள். 1869இல், கோப்பிக் காலத்திலேயே, ஆபிரகாம் ஜோசப் என்ற தோட்ட உத்தியோகத்தர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்று ஒரு நூல் எழுதினார். மலைநாட்டுத் தோட்ட வாழ்க்கையைப் பற்றித் தமிழில் அச்சான மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. கும்மி நம்முடைய பாட்டு, ஆனால் அந்தக் கும்மி துரைமார் பக்கத்தில் நின்று நம்மைப் பார்த்தது. நம் பக்கத்திலிருந்து பாட்டு அச்சில் வர அதற்குப் பிறகு எத்தனையோ வருசம் எடுத்தது. கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போன மீனாட்சி அம்மாள், கூட்டங்களில் தானே பாட்டுக் கட்டிப் பாடினார். ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் ஜனங்களுடைய கஷ்டத்தை வைத்தார். வாசிக்கத் தெரியாதவர்களும் அந்தப் பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது.

மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். ஆசிரியராக இருந்தார், தொழிற்சங்கத்தில் இருந்தார், 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். ஆங்கிலத்தில் கவிதை எழுதக்கூடிய மனிதர். அவர் என்ன செய்தார்? நம் பாட்டிமார் வாயிலிருந்த தாலாட்டையும் ஒப்பாரியையும் கொழுந்தெடுக்கும்போது பாடிய பாட்டையும் சேகரித்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் புத்தகமாக வந்தது, அடுத்த வருசம் அவர் காலமானார். அந்தப் புத்தகத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பாயி ஞாபகம் வரும். அவர் ஒப்பாரி வைத்தால் பக்கத்து டிவிசனிலிருந்தும் வந்து நின்று கேட்பார்களாம். ஒரு வரிகூட நான் எழுதி வைக்கவில்லை. அப்போது எனக்கு வயது பதினாறு, எழுதத் தெரியும், கொப்பியும் இருந்தது. கேட்கத்தான் தோன்றவில்லை.

என். எஸ். எம். இராமையா தன்னுடைய கதைக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' என்று பெயர் வைத்தார். தினமும் நம் முதுகில் இருக்கிற சாமான்தான். தெளிவத்தை ஜோசப்பின் பெயரில் இருக்கும் தெளிவத்தை, அவர் வேலை பார்த்த தோட்டம். அவருடைய 'நாமிருக்கும் நாடே' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. இவர்கள் யாரும் கதை தேடி எங்கேயும் போகவில்லை.

சரி, பெரியவர்கள் போகட்டும். நாம் பேசுகிற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'பேர்.' ஒரு நாள் வேலையை நாம் பேர் என்கிறோம். "இந்த மாசம் எத்தன பேர்?" என்று கேட்கிறோம். கொழுந்து குறைந்தால் "அரப் பேர் போட்டுட்டாங்க" என்கிறோம். வெளியூர் ஆசிரியர் ஒருவர் எங்கள் பாடசாலைக்கு வந்த புதிதில் ஒரு பிள்ளை "எங்க அம்மாவுக்கு நேத்து அரப் பேர்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, அம்மாவின் பெயரை யாரோ சுருக்கிவிட்டார்கள் என்று நினைத்தாராம். நாங்கள் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் இருந்து மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற ஒரு மனுசியின் பேரைப் பாதியாக்குவது என்றால் என்ன? அந்தச் சொல்லை இருபது வருசம் காதால் கேட்டிருக்கிறேன், அவர் பிழையாகப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கே கேட்டது. எழுத ஆசைப்படுகிற தம்பிமாருக்குச் சொல்கிறேன், ஸ்டோர் ரோதைக்குக்கூட ரோதை முனி என்று சாமி வைத்துக் கும்பிட்ட ஜனங்கள் நாம். நம் வாயில் இருக்கிற சொல் ஒவ்வொன்றையும் ஒரு தடவை வெளியூர்க்காரர் மாதிரிக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது சங்க வேலையில் நடந்த ஒன்று. தோட்டத்தின் பெயர் வேண்டாம். நிறுவையில் கொழுந்து குறைகிறது என்று ஓர் அக்கா என்னிடம் வந்தார். சாக்குக்கு, தண்ணிக்கு என்று கழிப்பது ஒரு பக்கம், அதற்கு மேலும் குறைகிறது என்றார். "என் கைக்கு எவ்ளோ கொழுந்து வரும்னு எனக்குத் தெரியும் டீச்சர். வயித்துல புள்ள இருந்தப்ப எவ்ளோ வந்துச்சு, புருசன் செத்த மாசம் எவ்ளோ வந்துச்சு, எல்லாம் தெரியும். அந்தத் தராசுக்கு என்னா தெரியும்?" என்றார். நான் அதைக் கடிதமாக எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? 'நிறுவை நடவடிக்கைகளில் முறைகேடுகள் இடம்பெறுவதாகத் தொழிலாளர்கள் விசனம் தெரிவிக்கின்றனர்.' அக்கா கேட்டுவிட்டு, "நான் சொன்னது இதுல எங்க இருக்கு?" என்றார். கடிதம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். கடிதம் போனது, பதில் வரவில்லை.

இரண்டாவது தடவை பேசப் போனபோது எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: எந்த நாள், எவ்வளவு? எனக்கு வாயடைத்துவிட்டது. அக்கா மடியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். மகனுடைய பழைய கணக்குக் கொப்பி. ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் மூன்று நிறுவையையும் அவர் சொல்ல, மகன் எழுதியிருக்கிறான். பக்கத்தில் சின்னதாக எந்த மலை, மழையா வெயிலா. ஓர் இடத்தில் 'அம்மாவுக்குக் காய்ச்சல்.' ஓர் இடத்தில் 'கூடையில் பாம்புக் குட்டி.' ஏழு மாதக் கணக்கு. நான் எழுதிய கடிதத்துக்கு வராத பதில் அந்தக் கொப்பிக்கு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தராசு முள்ளைத் தொழிலாளி பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள், நிறுவையை அந்த இடத்திலேயே துண்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். சாக்குக் கழிவுக்கு இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்தக் கொப்பியை நான் ஓர் இரவு வீட்டுக்குக் கொண்டுவந்து முழுக்க வாசித்தேன். சங்கத்துக்கு அது சாட்சி. எனக்கு அது நான் வாசித்த நல்ல கதைகளில் ஒன்று. ஒரே மலையில், ஒரே மழையில், இருபத்திரண்டு கிலோ எடுத்த கை அடுத்த நாள் பதினொன்றுதான் எடுத்திருக்கிறது. ஏன்? கொப்பியில் காரணம் இல்லை. அக்காவிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "அன்னிக்குத்தான் மூத்தவ கொழும்புக்கு வேலைக்குப் போனா" என்றார். இதைவிடக் கதைக்கு வேறு என்ன வேண்டும்? கற்பனை கற்பனை என்கிறோம், இருபத்திரண்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் போய் நின்று பார்ப்பதுதான் அது. இதை இங்கே சொல்லவும் அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். ஏன் கேட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

சில வருசங்களுக்கு முன்னால் பத்திரிகை ஒன்றில் என் கதை வந்தது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் நடுவில் திரும்பி வந்த ஒரு பெண்ணின் கதை. பெயரை மாற்றினேன், தோட்டத்தை மாற்றினேன். ஆனால் அவள் திரும்பி வந்த இரவில் அவளுடைய அம்மா சொன்ன ஒரு வார்த்தையை அப்படியே போட்டுவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்? நம்முடைய லயச் சுவர்தான் உங்களுக்குத் தெரியுமே, இந்தக் காம்பராவில் இருமினால் அந்தக் காம்பராவில் தண்ணீர் எடுத்து வைப்பார்கள். பத்திரிகை வந்த வாரம் அந்த அம்மா பீலிக்கரையில் என்னைக் கண்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எட்டு மாதம் பேசவில்லை. பிறகு மாரியம்மன் திருவிழாவில் அவராகவே வந்து, "நீ எழுதுனதுல பொய் இல்ல புள்ள. என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். கதையைப் பாராட்டி எனக்கு இரண்டு கடிதம் வந்திருந்தது. அந்த இரண்டையும் இன்றுவரை எடுத்துப் பார்க்க மனமில்லை.

அதனால் சுற்றிலும் நடப்பதை எழுதுங்கள் என்று சும்மா சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வராது. நிர்வாகம் செய்ததை எழுத யாரிடமும் கேட்க வேண்டாம், நாள் தேதியோடு எழுதுங்கள். அடுத்த காம்பராவில் கேட்ட அழுகையை எழுதுவதானால் கதவைத் தட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். விடுகிற கதை வீணாகப் போகாது, அது உங்களுக்குள்ளேயே வேறு ஏதோ ஒன்றாக மாறி என்றைக்காவது வரும். எனக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது.

நேரம் எங்கே என்று அக்காமார் கேட்பீர்கள். உண்மைதான். விடிய நாலு மணிக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலைக்குப் போய் வந்து, இரவில் பேனை பிடிக்கக் கை எங்கே வரும்? நான் கதை எழுதச் சொல்லவில்லை. அந்த அக்கா பேனையே பிடிக்கவில்லை. சொன்னார், மகன் எழுதினான். ஒரு நாளைக்கு ஒரு வரி. பிள்ளைக்கும் கையெழுத்து திருந்தும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பக்கம் கொண்டுவாருங்கள். வாசிக்க விருப்பமுள்ளவர்கள் வாசிக்கலாம், மற்றவர்கள் என் கையில் கொடுத்தால் போதும், பெயர் போடாமலும் தரலாம். பெயர் போட்டால் முழுப் பேர் போடுங்கள், அரைப் பேர் வேண்டாம். எழுதத் தெரியாத அம்மாமார் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாட்டுத் தெரிந்தவர்கள் பாடுங்கள், போனில் பதிந்துவைக்கத் தம்பிமார் இருக்கிறார்கள். கொப்பி வாங்கக் காசில்லை என்று யாரும் நிற்க வேண்டாம். என் வீட்டில் பழைய பரீட்சைத் தாள் இரண்டு கட்டு கிடக்கிறது, பின்பக்கம் எல்லாம் வெறுமைதான். மழை விட்டதும் பெரிய பிள்ளைகள் யாராவது என்னோடு வந்தால் இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன்.