பக்கத்து நிரையில் ஒரு ஆள்

(பிள்ளைக் காம்பராவில் நடந்த மாதர் கூட்டத்தில் எங்கள் நலன்புரிப் பிரிவு நிகழ்த்திய பேச்சு)



கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்ட மாட்டோம்.

லயத்தில் இரண்டு காம்பராவுக்கு நடுவே ஒரு சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். யார் வீட்டில் சண்டை, யார் கடன்காரருக்கு ஒளிந்து பின்பக்கமாய்ப் போனார், யார் பிள்ளை கொழும்புக் கடையிலிருந்து காசு அனுப்பவில்லை, எல்லாம் நமக்குத் தெரியும். பீலிக்கரையில் பேசவும் செய்கிறோம். ஆனால் அந்த ஆளிடமே போய், "என்ன, மனசு சரியில்லையா?" என்று கேட்பதுதான் குறைவு.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். 2022ஆம் ஆண்டு மா விலை ஏறி, ரொட்டிக்கே அளந்து மாப் பிசைந்த காலம். ஒரு அக்கா. மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை. நாலு மாதமாய் ஒரு தகவலும் இல்லை. இங்கே வாராவாரம் கட்டும் கடன் வேறு. அக்கா பிரட்டுக்கு வருவார், கொழுந்து எடுப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். தேத்தண்ணி நேரத்தில் தனியாய் ஒரு கல்லில் போய் உட்கார்ந்து விடுவார். பெருமை பிடித்து விட்டது என்றுகூடச் சிலர் சொன்னார்களாம்.

அவரோடு கூட வேலை செய்த தங்கச்சி ஒருத்தி, கங்காணியிடம் கேட்டுப் பக்கத்து நிரையை வாங்கிக் கொண்டாள். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பாதியும் சம்பலும் கொடுத்தாள். கூடை நிறையாத அன்று தன் கூடையிலிருந்து இரண்டு பிடி அள்ளிப் போட்டாள். மழை விட்ட ஒரு பின்னேரம் டேலியாக் கிழங்கு இரண்டைக் கொண்டு போனாள். அக்காவின் இஸ்தோப்புக்கு முன்னால் இருவருமாய் மண் கொத்தி நட்டார்கள். கையில் மண் பட்ட பிறகுதான் அக்கா வாய் திறந்தார்.

"செத்துப் போகலாம் போல இருக்குது புள்ள."

தங்கச்சி திட்டவில்லை. "பிள்ளைகளை நெனச்சுப் பாரு" என்றும் சொல்லவில்லை. "ஏதாச்சும் எடுத்து வச்சிருக்கியாக்கா?" என்று நேராகவே கேட்டாள். காம்பராவில் புல்லுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் ஒன்று இருந்தது. அதை வாங்கிக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்துவிட்டு, திரும்பி வந்து அன்றிரவு அக்காவோடே படுத்தாள். மறுநாள் பேர் போனாலும் போகட்டும் என்று டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

நேராகக் கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பி விடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை; கேட்டால் பாரம்தான் இறங்கும். அந்தப் போத்தலும் சின்ன விஷயமல்ல. 1990களின் நடுவில், தற்கொலை மிகக் கூடிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடிய பூச்சி மருந்துகளையும் புல்லு மருந்துகளையும் படிப்படியாகத் தடை செய்த பின் அந்தத் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. மனிதருடைய கஷ்டமெல்லாம் தீர்ந்ததாலா? இல்லை. மோசமான அந்த நேரம் கடந்து போக, ஆள் மிஞ்சியது. இரவு பகல் எந்நேரமும் 1926க்குப் போன் எடுக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, தமிழிலும் பேசலாம்.

ஆம்பிளைகளுக்கும் ஒரு வார்த்தை. மனம் உடைந்த கூட்டாளியைத் தவறணைக்குக் கூட்டிப்போய் ஊற்றிக் கொடுப்பதை உதவி என்கிறீர்கள். (சிரிக்காதீர்கள், உங்களைத்தான்.) மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கக் கூட்டிப் போங்களேன். தப்புக் காய்ச்சும் நெருப்பைச் சுற்றி நின்றாலே பாதிப் பேச்சு வரும். கடன் முடியும்வரை சிரிக்கக் கூடாதென்று சட்டமா இருக்கிறது?

அந்த அக்காவின் கடன் இன்னும் முடியவில்லை. மகள் போன் எடுத்துவிட்டாள். சம்பள பாக்கிதான் இழுபடுகிறது. அக்காவைக் கேட்டுத்தான் இதைச் சொன்னோம். "பேரை மட்டும் சொல்லிப்புடாதீங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "டேலியா நல்லாப் பூத்திருக்கு. பூ முடிஞ்சதும் கிழங்கு பிரிச்சுத் தாரேன், வேணுங்கிறவங்களுக்குக் குடுங்க" என்றார்.