சுவருக்குள்ளே இருக்கிற கிருமி

போன மாசம் சிதம்பரத்துல இருந்து கடலூருக்கு பஸ்ல வரும்போது நண்பன் கேட்டான்: "அப்பாவுக்குத்தான் டிபி. எனக்கு இருமல்கூட இல்ல. என்னையும் மாத்திரை போடச் சொல்றாங்க, எதுக்குடா? கையில பிசிஜி தழும்புகூட இருக்கே!"

நியாயமான கேள்விதான். நுரையீரலுக்குள் போகும் கிருமியை மேக்ரோபேஜ் என்கிற செல் விழுங்கிடும். ஆனா டிபி கிருமி அதுக்குள்ளேயே உயிரோட இருக்கும். அப்போ டி செல்கள் வந்து, இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து, மேக்ரோபேஜுக்குத் தெம்பு கொடுக்கும். எல்லாம் சேர்ந்து கிருமியைச் சுற்றி சுவர் மாதிரி நிற்கும். பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சுவர் ஆயுசுக்கும் தாங்கும். கிருமி புகுந்த 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு என்றைக்காவது உடையும். சுகர், எச்ஐவி, சத்துக்குறைவு, சிகரெட் இருந்தா ஆபத்து அதிகம்.

பிசிஜி? அது சின்னக் குழந்தைகளைக் கடுமையான டிபியிலிருந்து காக்கும். ஆனா 1968ல் செங்கல்பட்டில் தொடங்கி, 15 வருஷம் கண்காணித்த ஆய்வில், பெரியவங்களுக்கு அது பலன் தரலை.

அதனால்தான் வீட்டில் எல்லாருக்கும் பரிசோதனை. நோய் இல்லைன்னு உறுதியானதும், சுவருக்குள்ளே இருக்கிற கிருமிக்காக மாத்திரை.

மஞ்சக்குப்பத்தில் இறங்கும்போது அவன் சொன்னான்: "அம்மாவுக்குச் சுகர் இருக்கு. அவங்களையும் கூட்டிட்டுப் போறேன்டா."