தொட்டியில் முதலில் வளர வேண்டியது மீன் அல்ல
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



கோமாளி மீன் வளர்க்கக் கடன் வாங்கிய குழுவில் முதல் தொட்டி மீன் எல்லாம் செத்து மிதந்ததே, ஞாபகம் இருக்கா? தொட்டி வைத்த மூணாம் நாளே மீன் விடச் சொன்னது நாங்கள்தான். அந்தத் தவறை ஒத்துக்கொள்கிறோம்.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் வரும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது கண்ணுக்குத் தெரியாத நல்ல பாக்டீரியாக்கள். அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். உறைமோர் இல்லாமல் பால் தயிராகுமா? நல்லா ஓடுற தொட்டியிலிருந்து வடிகட்டிப் பஞ்சு கொஞ்சம் எடுத்துப் போடுங்க, அதுதான் உறை. பஞ்சைக் குழாய்த் தண்ணியில் கழுவாதீங்க. குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணியிலேயே அலசுங்க.

பாசியைக் கண்டதும் சுரண்டி எறிய வேண்டாம். முன்கண்ணாடியை மட்டும் துடையுங்க. பச்சைப் பாசி நைட்ரேட்டை உறிஞ்சும்; அதற்குள் வளரும் சிறு உயிர்கள் மீனுக்கு இரையாகும்.

பவளக்கல் எடுத்துப் போடலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே கூடாது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன, எடுத்தால் குற்றம். உடைந்த மண்சட்டித் துண்டுகளிலும் பாக்டீரியா நல்லா ஒட்டி வளரும்.

தவணை பயத்தில்தான் அவசரப்படுகிறோம். முதல் தவணையை ஆறு வாரம் தள்ளித் தரும்படி கூட்டமைப்பிடம் சேர்ந்து கேட்போம். தண்ணி தயாரான பிறகு மீன் விடுவோம்.