ஒரே அலைவரிசையில் எல்லோரும்

2001 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் என்.டி.டி. டோகோமோ நிறுவனம் 'ஃபோமா' என்ற பெயரில் மூன்றாம் தலைமுறைக் கைபேசிச் சேவையைத் தொடங்கியது. முகம் பார்த்துப் பேசலாம் என்பதைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். எனக்கென்னவோ வியப்பெல்லாம் கைபேசிக் கோபுரத்தடியில்தான்.

அதற்கு முன்பு பெரும்பாலான சேவைகளில் அடுத்தடுத்த கோபுரங்களுக்கு வேறு வேறு அலைவரிசை. அதிலும் நேரத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொரு துண்டு. ஃபோமாவில் இந்தப் பாகப்பிரிவினை கிடையாது. 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒவ்வொருவர் பேச்சோடும் ஒரு தனிக் குறியீடு கலந்திருந்தது. திருவிழாக் கூட்டத்தில் நூறு குழந்தைகள் 'அம்மா' என்று கத்தினாலும் தாய்க்குத் தன் பிள்ளை குரல் தெரியுமே, அப்படி.

ஆனால் பக்கத்தில் நிற்கிற பிள்ளை வீறிட்டால் தூரத்துக் குரல் அமுங்கிவிடும். அதனால் கோபுரம் ஒவ்வொரு கைபேசியிடமும் அலையின் வலிமையைக் 'கூட்டு', 'குறை' என்று விநாடிக்கு 1500 தடவை சொல்லிக்கொண்டே இருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை ஐந்து விநாடியில் நான் சொல்லி முடிப்பதற்குள் 7500 உத்தரவு போயிருக்கும்!

கோபுரத்தடி நிலையத்துக்கு 'நோட் பி' என்று பெயர். தரநிலை எழுதியவர்கள் தற்காலிகமாக வைத்ததாம், அப்படியே ஒட்டிக்கொண்டது. பல நோட் பி-களை மேய்ப்பது ஆர்.என்.சி. என்ற கட்டுப்பாட்டு நிலையம். நீங்கள் ரயிலில் போகிறீர்கள். பழைய கோபுரத்தின் பிடி விடுவதற்கு முன்பே புதிய கோபுரம் பிடித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் இரண்டுமே உங்கள் பேச்சைக் கேட்கின்றன. 20 மில்லி விநாடித் துணுக்குகளாக இரண்டு வழியிலும் வந்து சேரும் பேச்சில், பழுதில்லாத துணுக்கை ஆர்.என்.சி. பொறுக்கி எடுக்கிறது. உங்கள் காதுக்கு எதுவும் தெரியாது.

அதற்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரியும். பேச்சு தொலைபேசி இணைப்பகத்துக்கு, இணையத் தரவு வேறு வழியில். அது பெரும்பாலும் பழைய ஏற்பாடுதான்.

நான்காம் தலைமுறை வந்தபோது ஆர்.என்.சி.யை எடுத்தே விட்டார்கள். நடுவில் ஒரு நிலையம் இருந்தால் தாமதம் கூடுகிறது என்று, அதன் வேலையில் பெரும்பகுதியைக் கோபுரத்தடிக்கே கொடுத்தார்கள். இரண்டு கோபுரமும் சேர்ந்து கேட்கிற அந்த ஏற்பாடும் போயிற்று. தற்காலிகப் பெயர் மட்டும் போகவில்லை. 4ஜி-யில் அது 'ஈ-நோட் பி', 5ஜி-யில் 'ஜி-நோட் பி'.