படிக்காசும் பஞ்ச காலமும்



‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வயிறு காய்ந்த காலத்தில் அந்தச் சொல்லை எப்படி நம்புவது? இதுவே இன்றைய என் பொருள்.

இலங்கை மலையகத்தில் அந்த நம்பிக்கை எளிதாக நிலைக்கவில்லை. 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. ஹேவாஹெட்டவை அடுத்த லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலைதான் பின்பு நம்மவர்க்குப் பிழைப்பானது. பிழைப்பு இருந்தும் உரிமை இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் இந்திய-இலங்கை ஒப்பந்தமோ 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆளை எண்ணிப் பிரித்தது. 1973, 74இல் அரிசியும் கோதுமை மாவும் எட்டாத விலைக்குப் போயின; தோட்டங்களில் சாவு பெருகியது. அந்நாளில் மாரியம்மன் முன் நின்று ‘உனக்குக் கண் இல்லையா?’ என்று ஒரு தாய் கேட்டிருந்தால், அவளை நம்பிக்கையற்றவள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஏன் என்பதற்குப் பெரியபுராணம் சான்று. சோழநாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் திருவீழிமிழலையில் இருந்தார்கள். இறைவன் கனவில் தோன்றி, அடியார்களின் வாட்டம் தீர நாள்தோறும் படிக்காசாகப் பொற்காசு தருவதாக அருளினார். பீடத்தில் கிடைத்த காசைக் கொண்டு இருவரும் தத்தம் மடத்தில் வந்தவர்க்கெல்லாம் சோறிட்டார்கள். சம்பந்தர் மடத்தில் மட்டும் உணவு தாமதித்தது. அவர் காசு மதிப்புக் குறைந்தது என்று கடைக்காரர் வட்டம் பிடித்ததே காரணம். கோயிலில் உழவாரத் தொண்டு செய்த அப்பருக்கு முழு மதிப்புள்ள காசு கிடைத்தது. சம்பந்தர் வாய் மூடி இருக்கவில்லை. குறையை இறைவனிடமே பாடி முறையிட்டு நல்ல காசு பெற்றார்.

இதில் மூன்று செய்திகள் உண்டு. குறையைக் கேட்பது பக்திக்கு மாறன்று. உழைப்பவனுக்கு முழு மதிப்பு உண்டு. இறைவன் அளந்த படி, வாங்கியவன் பெட்டியில் தங்காமல் பிறர் இலைக்குப் போனது.

ஆகவே ‘சாமி பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லிக் கூலிக் கோரிக்கையை அடக்குவது நம்பிக்கை ஆகாது. அது இறைவன் பெயரால் இழைக்கும் அநீதி. உழைத்தவர்க்கு உரிய கூலியைக் கேட்பதும் வழிபாடே. 2022 பொருளாதார நெருக்கடியில் மாவும் மண்ணெண்ணெயும் எரிவாயுவும் எட்டாமல் போனபோது அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அரை ரொட்டி கொடுத்த கைகள் எத்தனையோ. இறைவன் படியளப்பது அத்தகைய கைகளால்தான் என்று நான் முழு மனத்தோடு நம்புகிறேன். ஐயம் வந்தவரிடம் தத்துவம் பேசுவதற்கு முன் அவர் வீட்டில் உலை கொதிக்கிறதா என்று பாருங்கள்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வையுங்கள். அந்தப் பிடியரிசியை ஒவ்வொரு தோட்டக் கோயிலிலும் சேருங்கள். வேலை இழந்த வீட்டுக்கும் நோயாளி இருக்கும் வீட்டுக்கும், எந்த மதத்தவர் என்று கேட்காமல், அதை முதலில் கொண்டு சேருங்கள்.